குப்பைக் கடிதங்களுக்கு ஒரு மரியாதைப் பதில்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி ஆபீசில் டெலக்ஸ் அடிக்கச் சேர்ந்தேன். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஃபேக்ஸுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்று வரும்போதும் இதோடு என் வேலை போயிற்று என்று பயந்து, சோறு இறங்காமல் கிடப்பேன். ஒவ்வொன்றும் கடைசியில் என் மேஜைக்கேதான் வந்து சேர்ந்தது.

பயம் என் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். டெலக்ஸ் காலத்தில், அடித்து முடித்ததை முன்னாலிருந்து ஒரு தடவையும் பின்னாலிருந்து ஒரு தடவையும் படித்த பிறகுதான் அனுப்புவேன். அப்படிப்பட்டவளிடம்தான், எந்தக் கடிதத்தை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று தீர்மானிக்கிற வேலை வந்தது.

எங்கள் முதலாளிக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பும், பெரிய களமும் இருந்தன. தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்த பிறகு மிஞ்சுகிற தூள் முன்பெல்லாம் ரோட்டோரம் மலைமலையாகக் கிடந்து மக்கும். அதைக் கழுவி, காயவைத்து, செங்கல் போல அமுக்கிக் கட்டியாக்கி ஹாலந்துக்கு அனுப்பினோம். அங்கே கண்ணாடிக் கூரைக்கடியில் மண்ணே இல்லாமல் அந்தத் தூளில் தக்காளி நாற்று வளர்க்கிறார்களாம். வாங்கியவர் ஒரே ஒருவர். அவரை நாங்கள் ஹாலந்துக்காரர் என்போம். நார் வேலை நடந்த பாதி போக, களத்தில் மறுபாதி அவரை நம்பித்தான் ஓடியது.

அவரோடுதான் சண்டை. ஒரு மழைக்காலத்தில் தூள் போதாமல், கடற்கரைப் பக்கமிருந்து கொஞ்சம் வாங்கிக் கலந்தார்கள். அதில் உப்பு இருந்திருக்கிறது. ஹாலந்தில் நாற்றெல்லாம் கருகிப்போயிற்று. உப்பு அதிகம் என்று அவர் எழுதினார். நன்றாகக் கழுவித்தான் அனுப்பினோம் என்று முதலாளி எழுதச் சொன்னார். ஃபேக்ஸில் போனதும் வந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டு பக்கமும் எழுத்தே நின்றுவிட்டது. களத்தின் ஒரு பக்கம் வேலையில்லாமல் கிடந்தது. அங்கே தூள் அள்ளிய பெண்கள் வேறு தோட்டங்களுக்குக் களையெடுக்கப் போனார்கள்.

அவர் ஈமெயில் வைத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் முதலாளி எங்கள் ஆபீசுக்கும் ஈமெயில் வாங்கினார். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் மாடிப்படியில் பாதி ஏறும்போதே அவர் குரல் வந்துவிடும்.

"ஏனுங்கம்மணி, ஹாலந்துல இருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

வந்ததெல்லாம் வேறு. உடம்பு இளைக்க மாத்திரை, வீட்டிலிருந்தே பணக்காரராவது எப்படி, இலவசமாகக் கப்பலில் ஊர் சுற்றுவது எப்படி என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கடிதங்கள். எங்களுக்கு இருந்தது ஒரே டெலிபோன் லைன். அந்த லைனில் மாட்டிய மோடம் கூவிக்கொண்டு அந்தக் குப்பையையெல்லாம் இறக்கி முடிக்கும்வரை, களத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான். லாரி கிளம்பிவிட்டதா என்ற செய்தி கூட வராது.

பீளமேட்டில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். யாரோ கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஸ்கூட்டர் முன்னால் வைத்துக் கொண்டுவந்து என் மேஜைக்கடியில் பூட்டினார். இனிக் கடிதமெல்லாம் முதலில் இதற்குள் வரும், இது பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் என்றார். கறுப்புத் திரையில் ஒரு ஃபைலைத் திறந்து, இதுதான் சட்டம், இதில் எழுதியபடி அது நடக்கும் என்று சொன்னார்.

ஒரு ரூல் என்பது மூன்றே வரி. முதல் வரியில் ஒரு முக்காற்புள்ளியும் சுழியமும். இங்கே ஒரு ரூல் தொடங்குகிறது என்று அர்த்தம். இரண்டாவது வரியில் ஒரு நட்சத்திரம் போட்டு, கடிதத்தில் எதைத் தேட வேண்டும் என்பது. மூன்றாவது வரியில், அது இருந்தால் கடிதம் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பது. வருகிற கடிதம் ஒவ்வொன்றும் மேலேயிருந்து ஒவ்வொரு ரூலாகத் தாண்டி இறங்கும். எது முதலில் பிடிக்கிறதோ அதோடு அந்தக் கடிதத்தின் கதை முடிந்தது. ஒன்றுமே பிடிக்காவிட்டால் முதலாளியின் பெட்டிக்குப் போய்விடும்.

ஒரு ரூலை எழுதிவிட்டு, அவரே குப்பை போல ஒரு பொய்க் கடிதம் அனுப்பிக் காட்டினார். கண்ணிமைப்பதற்குள் அது குப்பைப் பெட்டியில் கிடந்தது. நான் இன்னொரு தடவை என்றேன். இன்னொரு தடவையும் அப்படியே. அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த மெஷினுக்கு ஓர் எழுத்தும் புரியாது, ஆனாலும் ஓர் எழுத்தையும் விடாமல் பார்த்துவிட்டது என்று அவர் சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. புரிந்து படிக்கிற மனுஷர்களே பாதியைத் தாவிவிடுகிறோம்.

தேட வேண்டியதை எழுதுவதற்கும் அவர் ஒரு குறி சொல்லித் தந்தார்: புள்ளி என்றால் ஏதோ ஓர் எழுத்து. பக்கத்தில் நட்சத்திரம் போட்டால், எந்த எழுத்தும், எத்தனை வேண்டுமானாலும்.

"ஒண்ணுமே இல்லைனாலுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லைனாலும்தானுங்க்கா."

அன்று கணபதி போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உலகத்தில் எழுதியது, இனி எழுதப்போவது, எழுத நினைத்து எழுதாமலே விட்டது எல்லாம் ஒரு புள்ளிக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் அடங்கிவிடுகிறது. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். இந்த ஏற்பாட்டை வெளிநாட்டில் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். சும்மா கொடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்றார் அவர். சில நாள் அந்தப் பயமும் இருந்தது. அப்புறம், எனக்கென்று எதையும் எழுதி வைக்காத யாரோ ஒருவர், இந்த ஊரில் இந்த மேஜையில் நான் உட்கார்ந்திருப்பது தெரியாமலே எனக்காக யோசித்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது. அதை நினைத்தால் சாமி கும்பிடும்போது வருகிற மாதிரி ஓர் அமைதி வரும்.

கம்ப்யூட்டரில் ஓர் இடம் இருந்தது. அங்கே தள்ளினால் கடிதம் எங்கேயும் இருக்காது, தேடினாலும் கிடைக்காது. எஞ்சினியர் குப்பையை அங்கேயே தள்ளச் சொன்னார். என்னால் ஆகவில்லை. குப்பை என்று ஒரு பெட்டி வைத்து, பிடிபட்டதையெல்லாம் அதில் போட்டு, தினமும் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்றுவிடாமல் படித்துவிட்டு அழிப்பேன். நல்ல கடிதம் எதாவது தவறிப் போய் அதில் விழுந்துவிட்டால்? அப்படி ஒன்றும் விழவில்லை. விழாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஊருக்கெல்லாம் வேலை கொறையறதுக்கு ஃபில்டர் போடறோம். குப்பைத்தொட்டியக் கொட்டி உக்காந்து படிக்கறவங்க நீங்க ஒருத்தருதானுங்க்கா" என்று எஞ்சினியர் சிரிப்பார்.

ஒருநாள் நான் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது முதலாளி பின்னால் வந்து நின்றார். இவ்வளவு கடிதமா என்றார். எல்லாம் குப்பை என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்றைப் படித்தார். அன்புள்ள நண்பரே என்று தொடங்கியிருந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அமெரிக்காவில் இருப்பவர், நம்மைத் தெரியாதவர், நண்பரே என்று எழுதியிருக்கிறாரே, பதில் போட்டாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. டெலக்ஸ் காலத்திலிருந்தே அந்த ஆபீசில் ஒரு வழக்கம். வந்ததற்கு அன்றைக்கே பதில் போக வேண்டும். வேண்டாம் என்பதாக இருந்தாலும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். களத்துக்கு ஊறுகாய் விற்க வருகிறவரைக்கூட உட்கார வைத்து, மோர் கொடுத்து, இப்போது தேவைப்படவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அனுப்புவார்.

எஞ்சினியரைக் கூப்பிட்டனுப்பினார். குப்பையில் விழுகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் மெஷினே ஒரு மரியாதைப் பதில் போட முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் கூடாது, பதில் போட்டால் இன்னும் எழுதுவார்கள் என்றார் எஞ்சினியர்.

"எழுதினா எழுதீட்டுப் போறாங்க. வாசல்ல வந்து நின்ன ஆள ஏன்னு கேக்காம கதவச் சாத்தறதுங்களா? நம்மூட்டுப் பழக்கம் அது இல்லீங்க."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பதில் போடும் வரிகளை அவர் ஃபைலில் சேர்த்தார். பதிலை முதலாளி தமிழில் சொல்லச் சொல்ல, என் டெலக்ஸ் இங்கிலீஷில், முழுக்கப் பெரிய எழுத்தில் நான் அடித்தேன். தங்கள் கடிதம் கிடைத்தது, எழுதியதற்கு நன்றி. தற்சமயம் எங்களுக்குத் தேவைப்படவில்லை, அதற்காக மிகவும் வருந்துகிறோம், தவறாக நினைக்க வேண்டாம், பின்னொரு சமயம் பார்க்கலாம். இவ்வளவுதான். இலவசக் கப்பல்காரருக்கும் மாத்திரைக்காரருக்கும் அன்றிலிருந்து அது போனது. எஞ்சினியர் சொன்னபடியே குப்பை இரண்டு மடங்காகியது. எங்கள் பதில்கள் பல, அப்படி யாரும் இந்த விலாசத்தில் இல்லை என்று திரும்பி வந்தன. முதலாளி அதைப் பார்த்து, "பாவம், ஊடு மாத்தீட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது" என்றார். திரும்பி வந்தவற்றுக்கு மறுபடியும் பதில் போகாமல் இருக்க எஞ்சினியர் இன்னொரு வரி சேர்த்தார்.

நான் நானாக எழுதிய முதல் ரூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தலையில், நாம் சாதாரணமாகப் பார்க்காத சில வரிகள் உண்டு. எங்கே கிளம்பியது, எந்தெந்த மெஷின் வழியாக வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். தினமும் குப்பை படித்ததில் ஒன்று கவனித்தேன். பல கடிதங்களின் தலையில், இது மொத்தமாக அனுப்பப்படுவது, அவசரமில்லாதது என்று ஒரு வரி இருந்தது. தன்னைப் பற்றித் தானே அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறது. அந்த வரி இருந்தால் குப்பை என்று ஒரு ரூல் எழுதலாமா என்று எஞ்சினியரைக் கேட்டேன். நல்ல யோசனை, எழுதுங்கள் என்றார். எழுதிச் சேமித்தேன். நான் கிளம்பிப் போன பின்பும், நான் தூங்கும்போதும், நான் எழுதிய மூன்று வரி அங்கே விழித்திருந்து வேலை செய்யும். என் வாழ்நாளில் நான் எழுதிய எதுவும் அப்படி உயிரோடு இருந்ததில்லை.

அந்தக் கோடையில் முதலாளி களத்தில் புதிதாக ஒரு கழுவும் தொட்டி கட்டினார். உப்பு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி, தூளை நனைத்த தண்ணீரில் விட்டு விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹாலந்துக்காரருக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். புதுத் தொட்டி கட்டியிருக்கிறோம், அளந்து பார்த்தோம், ஒரு சாம்பிள் அனுப்பட்டுமா என்பதுதான் விஷயம். தொடக்கத்தில், நடந்ததற்கு வருந்துகிறோம் என்று நானே ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார். கழுவித்தான் அனுப்பினோம் என்பதில் அவர் அப்போதும் மாறவில்லை. அதை எடுத்துவிட்டு அனுப்பினேன். மோடம் கூவியது, விளக்குகள் மினுங்கின, கடிதம் போயிற்று. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது மோடம் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. டெலிபோனை எடுத்தால் இரைச்சல். அனுப்ப வேண்டியது எதாவது பாக்கியிருக்கும்வரை லைனை வெட்டாதே என்று எஞ்சினியர் வைத்திருந்தார். அனுப்பி முடித்தால் தானாக வெட்டிக்கொள்ளும். அப்படியானால் சனிக்கிழமையிலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறதா? கறுப்புத் திரையைப் பார்த்தேன். வந்தது, பிடித்தது, பதில் போட்டது; வந்தது, பிடித்தது, பதில் போட்டது. கீழேயிருந்து மேலே வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஹாலந்துக்காரரின் விலாசம்.

லைன் அடைபட்டுக் கிடந்ததால் கீழே மருந்துக்கடைக்கு ஓடி, அங்கிருந்து எஞ்சினியரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, முதலில் டெலிபோன் ஒயரைப் பிடுங்கினார். பிறகு சனிக்கிழமை சாயங்காலத்து வரிகளைத் தேடிப் பிடித்து எனக்கு விளக்கினார். ஹாலந்துக்காரர் விடுமுறைக்குப் போயிருக்கிறார். போகும்போது, யார் எழுதினாலும் ‘நான் விடுமுறையில் இருக்கிறேன்’ என்று பதில் போடும்படி தன் மெஷினுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்ததும் அது பதில் போட்டிருக்கிறது. அந்தப் பதிலின் தலையிலும், இது மொத்தமாக அனுப்பப்படுவது, அவசரமில்லாதது என்று அடக்கமாக அதே வரி. அந்த வரியைத்தான் என் ரூல் பிடித்தது. பிடித்துக் குப்பையில் போட்டு, தங்கள் கடிதம் கிடைத்தது, தற்சமயம் தேவைப்படவில்லை என்று மரியாதைப் பதில் போட்டது. அது போனதும், நான் விடுமுறையில் இருக்கிறேன் என்று அங்கிருந்து மறுபடியும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு மெஷின் உட்கார்ந்து பதில் போடும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். நடந்ததை எஞ்சினியர் சொல்லி முடித்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் இருந்தது. நாங்கள் சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், எல்லா நேரமும். ஒரு மெஷினும் சலிக்கவில்லை. ஒன்றும் மற்றதை ஏன் இப்படி என்று கேட்கவில்லை. ஒரு கடிதம்கூட வழியில் தொலையவில்லை. கடலைத் தாண்டிப் போய், கடலைத் தாண்டி வந்து, ஒரு புள்ளி மாறாமல். எனக்குப் பயம்கூட ஒரு நிமிஷம் விலகிவிட்டது. கோயில் தேரை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தபோது வாய் திறந்தபடி நின்றேனே, அப்படி நின்றேன்.

"கல்யாண ஊட்டு வாசலாட்டம் இருக்குதுங்க" என்றார் முதலாளி. "இவரு போயிட்டு வாரேனுங்கறாரு, அவரு சரிங்கறாரு. ஒருத்தரும் காலெடுத்து வெக்கறதக் காணோம்."

எஞ்சினியர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. "நாம சொன்னதத்தான செஞ்சிருக்குது. அத ஏன் வையறது" என்று எழுந்து போய்விட்டார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் போன பிறகுதான் எனக்கு விஷயம் முழுதாக உறைத்தது. தினமும் வழிபார்த்துக் காத்திருந்த ஒரே மனுஷருக்கு, நீங்கள் எழுதியது எங்களுக்குத் தேவையில்லை என்று ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறோம். விடுமுறை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தால் அதுதான் கிடக்கும். எஞ்சினியர் ஃபைலைச் சரிசெய்தார். எங்கள் பதில் ஒவ்வொன்றிலும் எங்களுக்கு மட்டும் தெரிகிற ஓர் அடையாளத்தை வைத்து, அந்த அடையாளத்தோடு எதாவது திரும்பி வந்தால் மறுபடியும் பதில் போடாதே என்று எழுதினார். ஃபைலின் உச்சியில், எல்லா ரூலுக்கும் மேலே, ஹாலந்துக்காரரின் விலாசத்திலிருந்து எது வந்தாலும் நேராக முதலாளியின் பெட்டிக்கு என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். மற்ற ரூலெல்லாம் அதற்குக் கீழே போயிற்று. வரிசையில் முதலில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ரேஷன் கடையில் நின்றவளுக்குத் தெரியாதா என்ன.

விளக்கி ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். முதலாளி வேண்டாம் என்றார். ஏற்கெனவே போனது போதாதா, ஆள் வரட்டும் என்றார். அந்த நாட்களில்தான் என்னைப் பிடித்து ஆட்டிய ஒரு நினைப்பு வந்தது. நானாக இருந்தால் என்ன செய்வேன்? இவ்வளவு தொல்லை கொடுத்த விலாசத்தை ஒரு ரூலில் எழுதி, தேடினாலும் கிடைக்காத அந்த இடத்துக்குத் தள்ளிவிடுவேன். அவரும் அப்படிச் செய்திருந்தால்? எங்கள் கடிதம் எதுவும் இனி அவருக்குப் போய்ச் சேராது. போய்ச் சேரவில்லை என்று எங்களுக்கும் தெரியாது. திரும்பி வராது, பதில் வராது, ஒரு சத்தமும் இருக்காது. நாங்கள் அனுப்பிக்கொண்டே இருப்போம். கதவைச் சாத்தினால்கூட சாத்தியது காதில் விழும். இது அதுகூட இல்லை. இத்தனை நாள் நான் குப்பை என்று ஒதுக்கியவர்கள் எல்லாரும் அப்படித்தானே எங்கேயோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அந்த மூன்று வரிக்கு இருந்த பலம் என்னை உலுக்கிவிட்டது. முதலாளி எதற்காக எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பச் சொன்னார் என்பதும் அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

ஆடிக் காற்று தொடங்கி ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். மோடம் கூவி முடித்து, திரையில் வரிகள் ஏறத் தொடங்கின. இலவசக் கப்பல், குப்பை. மாத்திரை, குப்பை. அடுத்த வரியில் ஹாலந்து விலாசம். அதற்குக் கீழே, முதலாளியின் பெட்டி. மேலேயிருந்து முதல் ரூலிலேயே நின்று, கீழே எதையும் தொடாமல் போய்விட்டது. மெஷினின் விடுமுறைப் பதிலாகத்தான் இருக்கும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டு திறந்தேன். மனுஷர் எழுதியது.

காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் நின்று, தமிழில் சொன்னேன். விடுமுறையிலிருந்து வந்து பார்த்தால் பெட்டி முழுக்க உங்கள் கடிதங்கள். மேலே உள்ள ஒன்றைப் படித்துக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் அழிக்க உட்கார்ந்தேன். அழித்துக்கொண்டே போய் அடியில், தொட்டி கட்டியிருப்பதாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அப்போதுதான் என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, இத்தனை தடவை வருந்துகிறோம் வருந்துகிறோம் என்று எழுதியிருக்கிறாரே, யார் இவர் என்று கேட்டாள். ஒரு தடவைகூட அப்படிச் சொல்லாத மனுஷர் என்று சொன்னேன். சாம்பிள் அனுப்புங்கள்.

முதலாளி அந்தக் காகிதத்தை வாங்கி, இங்கிலீஷில் தானே ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். வருந்துகிறோம் என்ற இடத்தில் விரல் நின்றது.

"எத்தன தடவ சொல்லியிருக்குதுங்கம்மணி?"

கணக்குப் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்தக் கடக்கரைத் தூள நான்தான் கலக்கச் சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. காரை எடுக்கச் சொல்லி, சாப்பிடக்கூட நில்லாமல் உடுமலைக்குக் கிளம்பிவிட்டார். சாம்பிள் தூளை ஆட்களிடம் விடாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி அவரே மிதித்துக் கழுவினார் என்று களத்து மேஸ்திரி போனில் சொன்னார். தண்ணீரை மாற்றி மாற்றி விட்டு, மீட்டரில் பார்த்துப் பார்த்து, இருட்டும்வரை.

சாம்பிள் போனது. அளந்து பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்று ஹாலந்துக்காரர் எழுதினார். களையெடுக்கப் போயிருந்த பெண்கள் களத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

மரியாதைப் பதில் ரூலை எடுத்துவிடலாமா என்று எஞ்சினியர் கேட்டார். முதலாளி சம்மதிக்கவில்லை. ஆனால் ஒரே ஆளுக்கு ஒரு தடவைக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்கும் மெஷினில் வழி இருந்தது. யாருக்குப் போட்டோம் என்பதை அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றார் எஞ்சினியர். அன்றும் நான் வாய் திறந்தபடிதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலந்துக்காரர் எழுதிய அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போட்டேன். அதற்கு அவர் பதில் போட்டார். தன் முதல் கடிதத்தையே அவர், அழிக்காமல் மிஞ்சிய எங்கள் மெஷின் பதில் ஒன்றுக்குப் பதிலாக எழுதியிருந்ததால், இரண்டு மெஷின்களும் மாற்றி மாற்றிச் சுமந்த பழைய தலைப்பே எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்காக, கண்டெய்னர் எப்போது கிளம்பும், ஈரம் எவ்வளவு, கட்டி உடைந்திருக்கிறது என்று எது எழுதினாலும், மேலே ‘நான் விடுமுறையில் இருக்கிறேன்’ என்றுதான் இருந்தது. ஒருநாள், வேறு தலைப்பு வைத்துப் புதிதாக எழுதலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வேண்டாமுங்கம்மணி" என்றார். "நல்லாப் போயிட்டிருக்குது. அதுல கை வெக்காதீங்க."